கொட்டாஞ்சேனையில் போட்ட கையெழுத்து

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். தண்ணீர் கொடுத்து, காலி தம்ளரைத் திரும்ப வாங்குவதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒரு மணி நேரப் பயணத்தை நான் ஏழு வருடம் தள்ளிப்போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன். காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில், அதாவது சந்துகளில், ஒன்று. ஓட்டோக்காரருக்கு வீட்டு நம்பர் பிடிபடவில்லை. அந்த ஒழுங்கையில் மூன்று முறை கடல்வரை போய்த் திரும்பினோம். கடைசியில் ஒரு பேக்கரி வாசலில் நிறுத்திச் சிங்களத்தில் விசாரித்தார். கடைக்காரர் கையைத் தூக்கி மூன்றாம் மாடியைக் காட்டினார். அவர் சொன்னதை ஓட்டோக்காரர் எனக்குத் தன் அரைத் தமிழில் சொன்னார்: "பிசிக்ஸ் சேர் வீடு. செத்துப்போன சேர். நல்ல மனுசன்."

அந்த பிசிக்ஸ் சேர்தான் என் நண்பன் பெனடிக்ட். போன வருடம், டியூஷன் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன். வயது ஐம்பத்திரண்டு. அவன் மனைவி சுகந்தி எனக்கு எழுதியிருந்தாள்: "ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஓராண்டுப் பூசை. அவருடைய கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கு. எனக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ, ராமு அண்ணா."

கதவைத் திறந்ததும் அழுவாள் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனேன். அவள் அழவில்லை. "பிளேனில சாப்பாடு ஒண்டும் தந்திருக்க மாட்டாங்கள். கையைக் கழுவிட்டு வாங்கோ" என்றாள். சோறும் அறக்குளா மீன் குழம்பும் சொதியும் மேசையில் இருந்தன. அறக்குளா வேறொன்றுமில்லை, நம் வஞ்சிரம்தான். சொதியைத்தான் முதலில் ஊற்றிக்கொண்டேன். ஒருமுறை "இது தேங்காய்ப் பால் ஊற்றின ரசம்தானே?" என்று கேட்டுப் பெனடிக்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் கொப்பிகளை, அந்த நோட்டுப் புத்தகங்களை, எடுக்க மட்டும் வரவில்லை. ஒன்றைச் சொல்ல வந்தேன். அதை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில், ஒரு மலையடிவார ஆய்வகத்தில் நானும் பெனடிக்டும் ஒரே குழுவில் வேலை பார்த்தோம். பையான் என்று ஒரு துகள். கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குதான் அதன் ஆயுள். அதற்குள் அதை மெதுவாக ஓடவிட்டுப் புரோட்டான்களின் மேல் மோதவைத்து, எந்தப் பக்கம் எத்தனை சிதறுகின்றன என்று எண்ண வேண்டும். வேகமான பையான்களைப் பலர் அளந்துவிட்டார்கள். மெதுவானவை பாதி வழியிலேயே செத்துவிடும், அளப்பது பெரும்பாடு. ஆனால் அணுக்கருவைப் பிடித்து வைத்திருக்கும் விசையின் குணம் அவற்றிடம்தான் சரியாகத் தெரியும்.

புரோட்டான்களுக்கு நாங்கள் பயன்படுத்தியது ஒரு பாலித்தீன் பலகை. நம் கைக்குட்டை அளவு, பால் நிறம். பாலித்தீனில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. ஹைட்ரஜனின் கரு என்பது ஒரு புரோட்டான், அவ்வளவுதான். கார்பன் பலகை ஒன்றை வைத்துத் தனியாக அளந்து கழித்துவிட்டால் மீதி புரோட்டானுடையது. பலகையில் எத்தனை புரோட்டான்கள் என்பது அதன் எடையிலிருந்து வருகிறது. எடை நூறில் இரண்டு பங்கு தப்பினால் விடையும் நூறில் இரண்டு பங்கு தப்பும். அந்தப் பலகையை எடை போட்டு, லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் பெனடிக்ட்.

மறுநாள் நான் தனியாக இருந்தேன். பலகையின் ஒரு மூலையில் மெல்லிய ஏடு ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. கீறல் விழாமல் இருக்கக் கடைக்காரர்கள் ஒட்டி அனுப்புகிற பிளாஸ்டிக் ஏடு. ஒட்டியிருக்கும்வரை கண்ணுக்கே தெரியாது. முன்பக்கமும் பின்பக்கமும் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். சுத்தம் செய்துவிட்டதாகத் திருப்தி வேறு. லாக் புத்தகத்தில் எழுதத் தோன்றவில்லை. ஏடோடு சேர்த்துத்தான் அவன் எடை போட்டிருந்தான் என்பதும் தோன்றவில்லை. அதற்கு மறுநாள்தான் பையான்கள் வந்தன, அளவீடு தொடங்கியது.

எங்கள் விடை மற்றவர்களுடையதைவிட நூறில் இரண்டு பங்கு குறைந்தது. பலகையை மறுபடி எடை போட்டார்கள். எழுதியது ஒன்று, இருப்பது ஒன்று. அளந்த நாட்களில் எந்த எடை இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குழுத் தலைவர் எங்கள் எல்லோர் முன்னாலும் பெனடிக்டைப் பார்த்து, "எடை பார்க்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது" என்றார். அளவீட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டார்கள். அவனுடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. அந்தப் பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினான். எனக்கு ஊரில் கல்லூரி வேலை கிடைத்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால் என்னைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். கதவில் மாட்டப் புதுப் பெயர்ப்பலகை வந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த ஏட்டை நகத்தால் கிளப்பி உரித்தேன். பாதி உரித்தபோது எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மீதிப் பாதியை உரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று பெனடிக்டுக்கு இரண்டு மின்னஞ்சல் எழுதி, இரண்டையும் அழித்தேன். பெயர்ப்பலகை மட்டும் கதவில் ஏறியது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெனடிக்ட் போன் செய்வான். பிள்ளைகள், மழை, விலைவாசி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அதே கேள்வியைக் கேட்பான். "மச்சான், அந்தக் கிழமை வேற ஏதும் நடந்ததா? ஒருக்கா யோசிச்சுப் பாரன்." நான் "இல்லடா" என்பேன். பல வருடம் அது உண்மை. கடைசி ஆறு கிறிஸ்துமஸுக்கு அது பொய்.

வெள்ளிக்கிழமை சுகந்தி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கொப்பிகளுக்கு மேல், பழைய பனியன் துணியில் சுற்றி, அந்தப் பலகை.

"கல்யாணம் முடிச்ச புதுசில இது மீன் வெட்டுற பலகை எண்டு நினைச்சுக் குசினிக்குள்ள கொண்டுபோனன்" என்றாள். "ஓடி வந்து பறிச்சவர். அவ்வளவு கோபமா நான் அவரைப் பாத்ததே இல்லை. பிறகு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினவர். மாசம் ஒருக்கா வெளியில எடுப்பார். செட்டியார் தெருவுக்குக் கொண்டு போவார்."

"செட்டியார் தெருவுக்கா? எதுக்கு?"

"நிறுக்க. நகைக்கடையில நல்ல தராசு இருக்குத்தானே. போகேக்க முகம் வெளிச்சமா இருக்கும். வரேக்க ஒரு சொல் கதைக்க மாட்டார். இது என்ன சாமான், அண்ணா? ஏன் இந்த மனுசன் இதோட இப்பிடிக் கிடந்தவர்?"

சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் பையான், புரோட்டான் என்று பாடம் நடத்தினேன். ஏடு என்ற இடம் வந்ததும் தண்ணீர் வேண்டும் என்றேன். அவள் எடுத்துவரப் போன இடைவெளியில் பேச்சை மாற்றிக்கொண்டேன். கோழைக்குச் சாக்கு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை, அந்தத் தராசை நானே பார்க்க வேண்டும் என்று பலகையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெள்ளவத்தை ஸ்டேஷன் கடலோரத்தில் இருக்கிறது. பெரிய அலை வந்தால் தண்டவாளம் நனைந்துவிடும் போல் இருந்தது. செட்டியார் தெருவுக்குக் கோட்டை ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வந்த ரயிலில் ஏறினேன். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். காற்றும் உப்பும் முகத்தில் அடித்தன. கால் மணி நேரம் எதையும் நினைக்காமல் இருந்தேன். கடல் காணாமல் போனபிறகுதான் சந்தேகம் வந்தது. இறங்கிப் பார்த்தால் இரத்மலானை. நேர் எதிர்த்திசையில் வந்திருக்கிறேன்.

பிளாட்பாரத்தில் இறால் வடை விற்றவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "கோட்டைக்கா? அது அங்கால பக்கம். ஏறேக்க கடல் எந்தக் கைப்பக்கம் எண்டு பாக்கேல்லையா?" என்று சிரித்தார். துகள்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு வடை வாங்கித் தின்றேன். வடை மேலேயே முழு இறால், கொம்பும் காலுமாகப் படுத்திருந்தது. எங்கள் ஊரில் வடையில் ஓட்டைதான் உண்டு. தாமதமானதில் எனக்கு உள்ளூர நிம்மதி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்புவதற்குப் பஸ் பிடித்தேன். கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் மாட்டி ஒரே இடத்தில் நின்றோம். கண்டக்டர் படியில் நின்றபடி பக்கத்துப் பஸ்காரரோடு சிங்களத்தில் சண்டை போட்டார். என் பக்கத்துப் பெண்மணி எனக்காகத் தமிழில் சொன்னார்: "ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. ஒவ்வொரு நாளும் இதுதான்." சண்டை முடிந்து அண்ணன் தம்பிக்கு வெற்றிலை நீட்டினார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு மடியில் இருந்த பையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

செட்டியார் தெருவில் சுகந்தி சொன்ன கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. பலகையை வெளியே எடுத்ததும் பத்தர் எழுந்து நின்றார். தாத்தா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பம். பேச்சில் இன்னும் எங்கள் ஊர் வாடை.

"இது நம்ம சேரோட பலகையில்ல? மாசா மாசம் கொண்டாருவாரு. நானும் வைப்பேன். அதே நம்பர்தான் காட்டும். 'பத்தரே, இன்னொரு தடவை'ம்பாரு. இன்னொரு தடவையும் அதேதான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பாக்குறாப்புல பாப்பாரு" என்றார்.

தராசில் வைத்தார். கொப்பியில் பெனடிக்ட் வரிசையாக எழுதி வைத்திருந்த அதே எண் ஒளிர்ந்தது.

"எவ்வளவு இருக்கணும்னுதான் சேர் எதிர்பார்த்தாரு?"

"இன்னும் நாலு கிராம்."

"நாலு கிராமா! தங்கமா இருந்தா நானே ராவா பகலா தேடியிருப்பேனே" என்று சிரித்தவர், என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சுகந்தி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஏட்டை உரித்தது நான். எழுதாமல் விட்டது நான். அவர் எடை போட்டதில் தப்பே இல்லை. அவள் இடியப்ப உரலை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். மாவு ஒரே இடத்தில் இறங்கிக் கட்டியாகிக்கொண்டிருந்தது.

"இது உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்தது?"

"இப்பத்தான். கொஞ்ச நாள் முன்னாடி" என்றேன். உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் என் வாய் பழைய வழியிலேயே போயிற்று.

அவள் கட்டியான மாவை வழித்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு மாமாட்டச் சொல்லுங்கோ. என்னட்டச் சொன்னது மட்டும் காணாது" என்றாள். மாமா என்றது பெனடிக்டின் அப்பாவை. இடியப்பமும் சம்பலும் தட்டில் வைத்துத் தந்தாள். கூட உட்காரவில்லை. அதற்குப்பிறகு அவள் என்னை அண்ணா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாஞ்சேனை. கோயில் நிறைந்திருந்தது. முன் வரிசைகளில் டியூஷன் பிள்ளைகள். அவர்கள் முழந்தாளிட்டதும் நானும் முழந்தாளிட்டேன், எழுந்ததும் எழுந்தேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி. பாதிரியார் பெனடிக்டின் பெயரை வாசித்தபோது எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெளியே வரும்போது ஒரு பையன் இன்னொருவனிடம் சொன்னான்: "சேர் எனக்கு ஒருக்கா அடிச்சவர், தெரியுமா? தராசில சீரோ பாக்காம நிறுத்ததுக்கு."

பெனடிக்டின் அப்பா சேவியர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருக்கிறார். எண்பத்தாறு வயது. வாசலில் நின்றால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். வந்தவர்கள் கேக்கும், நம் சோமாஸ் மாதிரி இருந்த பற்றிஸும் சாப்பிட்டுக் கலைந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். சுகந்தி பெட்டியை மேசையில் வைத்தாள்.

சேவியர் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கப்பல் பக்கம் ஒருவர், கரைப்பக்கம் ஒருவர் எண்ணி எடை பார்த்து எழுதுவார்கள். சாயங்காலம் ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதி, ஏன் என்றும் எழுதிய பிறகுதான் கையெழுத்து. அவர் கரைப்பக்கம்.

நான் பலகையில் தொடங்கி, ஏட்டில் முடித்தேன்.

"சாக்கோட நிறுத்த மூட்டை மாதிரி" என்றார் சேவியர் கடைசியில். "நிறுத்தாப்பிறகு நீங்கள் சாக்கைக் கழட்டிட்டீங்கள்."

"ஆமா, ஐயா."

"அப்ப அவன் எழுதினது சரி."

"நூத்துக்கு நூறு சரி. பத்தர் கடையில வந்த எடையும் சரி. ரெண்டும் சரின்னு தெரிஞ்சா, அந்தக் கணக்கையே இப்ப திருத்திடலாம். மத்தவங்க விடையோட ஒத்துப்போகும்."

அவர் கை மேசையில் எதையோ தேடியது. சுகந்தி பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சு இதில வந்து இருப்பான், தம்பி" என்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். "'பப்பா, டாலி கிளார்க்கிட மகன் பிழையா நிறுத்திட்டன்' எண்டு சொல்லுவான். பகிடி மாதிரித்தான் சொல்லுவான். நானும் சிரிப்பன். உள்ளுக்குள்ள எனக்கும் சந்தேகம்தான். என்ட பிள்ளையை நானே நம்பேல்லை." கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவில்லை.

எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. அந்த நாற்காலியிலிருந்து எழக்கூடத் தைரியம் இல்லை.

சேவியர் கடைசிக் கொப்பியை எடுக்கச் சொன்னார். பெனடிக்டின் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கி, பாதிப் பக்கத்தில் நின்றிருந்தன. "இதுக்குக் கீழ எழுதுங்கோ. வித்தியாசம் எவ்வளவு, ஏன் வந்தது. எழுதிக் கையெழுத்து வையுங்கோ. நான் கரைப்பக்கம் வைக்கிறன்."

எழுதினேன். ஏட்டை உரித்தவன் நான், பதிவு செய்யத் தவறியவன் நான், பெனடிக்ட் சேவியர் எழுதிய எடை சரியானது. கையெழுத்துப் போட்டேன். சுகந்தி சத்தமாக வாசித்தாள். அவர் பேனாவை வாங்கினார். தாளில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"எப்ப இருந்து இது உங்களுக்குத் தெரியும்?"

சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவளிடம் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"ஏழு வருஷமா" என்றேன்.

சுகந்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். சேவியர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். ஆறு விரல் மடங்கியதும் நிறுத்தினார். ஏழாவது வருடத்தில் அவர் மகன் இல்லை.

அவர் திட்டவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பிவைத்து, பேனாவைத் திரும்ப நீட்டினார்.

"அதையும் எழுதுங்கோ. உங்கட கையெழுத்துக்கு மேல இடம் இருக்கு."

எழுதினேன். அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.